படவிழா அரங்கில் ஒரு நடிகை

நாடக நடிகர் தம் அவையை நேரிற் காண்கிறார். அவர் சொல்லுக்கு எழும் நகையும், அவர் அழுகைக்கு அடங்கும் அரவமும் அவருக்கு அக்கணமே தெரிந்துவிடுகின்றன. திரைப்பட நடிகர்க்கு அப்பேறு இல்லை. காமிராவின் முன் நடித்துப் பல திங்கள் கழிந்த பின்னரே அந்நடிப்பு மக்கள் முன் வருகிறது. பெரிய படநிலையங்களின் துணையின்றித் தம் கைப்பொருள் கொண்டு படம் எடுப்போருடன் நடிப்பவர்க்கோ, அது மக்கள் முன் வருமா என்பதே ஐயம். இத்தகையோர்க்குப் படவிழாவே முதல் அவை. பல வேளைகளில் அதுவே இறுதி அவையும் ஆகிவிடுகிறது.

இதற்கு அமெரிக்க நடிகை ஜீனா ரோலண்ட்ஸ் (1930–2024) சிறந்த சான்று. அவர் கணவர் ஜான் கசவெட்டிஸ், பிறர் படங்களில் நடித்து ஈட்டிய பொருளைத் தம் சொந்தப் படங்களில் கொட்டியவர். ‘பேசஸ்’ என்னும் படத்தின் பெரும்பகுதி அவர்கள் குடியிருந்த வீட்டிலேயே எடுக்கப்பட்டது. அதில் நடித்த ஜான் மார்லி 1968இல் வெனிஸ் படவிழாவில் சிறந்த நடிகர் பரிசைப் பெற்றார். கூடத்தில் நடித்த நடிப்பு கடல் கடந்து சென்று மாலை சூடியது எனலாம்.

ஆயினும் ரோலண்ட்சின் ஆற்றல் முழுமையாக வெளிப்பட்டது ‘எ வுமன் அண்டர் தி இன்புளுவன்ஸ்’ என்னும் படத்தில்தான். மேபல் மூன்று குழந்தைகளின் தாய். தொழிலாளி ஒருவனின் மனைவி. பள்ளியிலிருந்து திரும்பும் தன் குழந்தைகளை எதிர்நோக்கித் தெருவில் நிற்கிறாள். நிற்கிறாள் என்பதும் பொருந்தாது. ஒரு காலில் துள்ளுகிறாள், திரும்புகிறாள், வழியிற் செல்லும் பெண்களிடம் மணி என்னவென்று கேட்கிறாள். அவர்கள் முகங்கொடாமல் விலகுகின்றனர். இக்காட்சியில் பித்தின் அடையாளம் என்று சுட்டத்தக்கது யாது? அன்பு அளவிறந்து பெருகுவதையே காண்கிறோம். தலைமயிரை விரித்து உரக்கச் சிரித்தாலன்றிப் பித்தி ஆகாள் என்று எண்ணும் நம் நடிகையர் சிலர் இதனைக் கண்டு கற்கலாம்.

இப்படத்தை வாங்கி வெளியிட நிறுவனம் எதுவும் முன்வரவில்லை. 1974இல் நியூயார்க் படவிழாவில் திரையிடப்பட்டுப் பாராட்டுப் பெற்றது. அப்பாராட்டோடு அவர்கள் அமைந்துவிடவில்லை. கசவெட்டிசும் நண்பர்களும் தாமே விநியோகஸ்தர் ஆகி, கொட்டகை உரிமையாளர்களுடன் தொலைபேசியில் பேசி, ஊர் ஊராகப் படத்தைக் கொண்டு சென்றனர். மேபலைப் பல்லாயிரவர் கண்டனர். ஆஸ்கார் பரிசுக்கு ரோலண்ட்சின் பெயரும் முன்மொழியப்பட்டது.

பின்னர் வந்த ‘ஓபனிங் நைட்’ படத்தின் கதை வேறு. அதில் அவர் மர்ட்டில் கோர்டன் என்னும் நாடக நடிகையாக வருகிறார். தன்னைக் காண மழையில் ஓடிவந்த இளம்பெண் ஒருத்தி கார் மோதி மாண்டுபோக, அத்துயரும், முதுமையடையும் பெண்ணாக நடிக்க நேர்ந்த அச்சமும் மர்ட்டிலை அலைக்கழிக்கின்றன. மாண்டவளின் உருவம் வந்து அவளை வருத்தும் காட்சிகள் தேவைக்கு மேல் நீண்டுவிட்டன. ஆனால் கால் ஊன்றி நிற்கவும் இயலாத மது மயக்கத்தில் அவள் முதல் இரவு மேடைக்கு வந்து, எழுதிய உரையைக் கைவிட்டு, உடன் நடிப்பவனோடு தன்போக்கில் உரையாடி அவையை நகைக்க வைக்கும் இடம் நிகரற்றது. திரையில் நடிப்பவர்க்கு வாய்க்காத அந்த நேரடி அவையைக் கதைக்குள்ளேயே ரோலண்ட்ஸ் பெற்றுவிடுகிறார்.

கதைக்கு வெளியே அந்த அவை வாய்க்கவில்லை. 1977 டிசம்பரில் லாஸ் ஏஞ்சல்சில் படம் வெளியானபோது இருக்கைகள் வெறுமையாகக் கிடந்தன. 1978இல் பெர்லின் படவிழா அவருக்குச் சிறந்த நடிகைக்கான வெள்ளிக் கரடிப் பரிசை வழங்கியது. அப்பரிசுக்குப் பின்னும் அமெரிக்க விநியோகஸ்தர் எவரும் அப்படத்தை வாங்கவில்லை. அரங்கேற்றம் முடிந்து அவையோர் போற்றிய நூலை, படியெடுத்துப் பரப்புவார் இன்றிப் பெட்டியில் பூட்டினால் புலவர்க்கு எஞ்சுவது யாது? பொன்னாடை மட்டுமே. படவிழா நடிப்பை எடைபோட வல்லது. அந்நடிப்பைச் சுமந்து செல்லும் தோள்கள் அதனிடம் இல்லை. வெள்ளிக் கரடியைக் குறிப்பிட்டு ரோலண்ட்சைப் புகழ்ந்து எழுதுவோர் பலர், பரிசு பெற்ற அப்படத்தை அவர் நாட்டு மக்கள் காணவில்லை என்பதை எழுத மறந்துவிடுகின்றனர்.

நியூயார்க் படவிழா அதனைத் திரையிட்டது 1988இல். மறு ஆண்டு கசவெட்டிஸ் மறைந்தார். 1991இல்தான் விநியோகஸ்தர் வழியாக அமெரிக்கக் கொட்டகைகளுக்கு அப்படம் வந்தது. முதுமையை அஞ்சும் பெண்ணாக நாற்பதுகளில் நடித்தவர், அப்போது 60 வயதை எட்டியிருந்தார்.