கணக்கேட்டில் ஒரு குடும்பம்

குலமரபு தேடுவோர் வழக்கமாகத் தந்தைவழியையே பற்றிச் செல்வர். அனெட் கோர்டன்-ரீட் 2008-இல் வெளியிட்ட 'மான்டிசெல்லோவின் ஹெமிங்ஸ் குடும்பத்தார்' என்னும் ஆங்கில நூலோ தாயிடமிருந்து தொடங்குகிறது. அதற்குச் சட்டமே காரணம். ஆங்கிலேயரின் குடியேற்றமாயிருந்த வர்ஜீனியாவில் 1662-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, தந்தை யாராயினும், அடிமைத் தாயின் பிள்ளையும் அடிமையே.

இக்குடும்பத்தின் மூதாட்டி எலிசபெத் ஹெமிங்ஸ். ஆப்பிரிக்கத் தாய்க்கும் ஆங்கிலேயக் கப்பல் தலைவனுக்கும் பிறந்தவர் என்பது குடும்ப மரபுரை. ஜான் வேல்ஸின் உடைமையாயிருந்த அவர், 1773-இல் வேல்ஸ் இறந்தபின், மருமகன் தாமஸ் ஜெஃபர்சனின் உடைமையானார். மனிதர் யாவரும் சமம் என்று 1776-இல் விடுதலைப் பிரகடனத்தில் எழுதிய அதே கை, இவர்தம் பிறப்புகளையும் இவர்களுக்கு அளந்து கொடுத்த துணியையும் ஒரே பண்ணைக் கணக்கேட்டில் பதிந்து வைத்தது.

எலிசபெத்தின் மகள் சாலி பெற்ற பிள்ளைகளுக்கு ஜெஃபர்சனே தந்தை என்று, சாலியின் மகன் மாடிசன் 1873-இல் ஓஹையோ செய்தித்தாள் ஒன்றில் சாட்சி சொன்னார். வரலாற்றாசிரியர் பலர் அதை நூறாண்டுக்கு மேலாக ஏற்க மறுத்தனர். 1998-இல் வெளியான மரபணு ஆய்வு, சாலியின் இளைய மகன் எஸ்டனின் வழியினரை ஜெஃபர்சன் குடும்பத்தின் தந்தைவழியோடு இணைத்தது. அச்சோதனை மட்டும் தந்தை இன்னார் என்று சுட்டாது. ஆயினும் சாலி கருவுற்ற காலங்களில் எல்லாம் ஜெஃபர்சன் மான்டிசெல்லோவில் இருந்தார் என்னும் சான்றோடு சேர்த்து நோக்குகையில், மாடிசனின் சொல் வலுப்பெறுகிறது. சட்டம் பயின்ற ஆசிரியர் சாட்சிகளை நிறுத்துப் பார்க்கும் நேர்மையே இந்நூலின் பெருமை.

குறையும் உண்டு. சாலி எழுதிய ஒரு வரிகூட எஞ்சவில்லை. எனினும், 1787 முதல் 1789 வரை பாரிசில் வாழ்ந்த அவ்விளம்பெண்ணின் உள்ளத்தை ஆசிரியர் பக்கம் பக்கமாக ஊகிக்கிறார். இருந்திருக்கலாம் என்பது மெல்ல மெல்ல இருந்தது என்றே ஒலிக்கத் தொடங்குகிறது. உயிரோடிருக்கையில் பேச விடப்படாத ஒருவருக்காக நாம் பேசத் துணிவதும் ஒருவகை உரிமை கொண்டாடலே அன்றோ?

ஊகம் தேவைப்படாத இடங்களில்தான் நூல் நம்மை உலுக்குகிறது. எலிசபெத்தின் பேரர் ஜோசப் ஃபாசெட்டுக்கு ஜெஃபர்சனின் உயில் விடுதலை அளித்தது. அவருடைய மனைவி மக்களோ 1827-இல் ஏலத்தில் விற்கப்பட்டனர். குலமரபை அறிவது பெருமை பேசுதற்கன்று. விலையிடப்பட்டவர்களை மீண்டும் பெயர் சொல்லி அழைப்பதற்கே என்பதை இந்நூல் நமக்கு உணர்த்துகிறது.