நால்வர் பாய்ந்தால் போதும்

அமெரிக்க ஃபுட்பாலில், பந்தைச் சுமந்து முட்டி மோதி முன்னேறும் பழைய ஆட்டம் பின்னுக்குப் போய், வீசியும் பிடித்தும் முன்னேறும் ஆட்டம் இன்று ஏகபோக ஆட்சி செலுத்துவதற்கு, வீசுகிறவர்களின் தோள்வலிமையைக் காட்டிலும் சட்டப் புத்தகமே அதிகக் காரணம் என்று சொன்னால் ரஸிகர்கள் சிலர் முகம் சுளிக்கக் கூடும். ஆனாலும் விஷயம் அதுதான். 1978-ஆம் வருஷம் நேஷனல் ஃபுட்பால் லீக் இரண்டு திருத்தங்களைச் செய்தது. பந்தைப் பிடிக்க ஓடுகிற ரிஸீவரை, ஆட்டம் தொடங்கும் கோட்டிலிருந்து ஐந்து கஜத்துக்கு அப்பால் தற்காப்பாளர் இடித்துத் தடுக்கலாகாது என்பது ஒன்று. பந்தை வீசுகிறவரான குவார்ட்டர்பேக்குக்கு அரணாக நிற்கும் முன்வரிசையினர் தங்கள் கைகளை முழுக்க நீட்டி, உள்ளங்கையை விரித்து எதிராளியைத் தள்ளி நிறுத்தலாம் என்பது மற்றொன்று. அதற்கு முந்தின வருஷந்தான், டீக்கன் ஜோன்ஸ் பிரசித்தப்படுத்திய, எதிரியின் தலைக்கவசத்தில் ஓங்கி அறைந்து வழி உண்டாக்கும் வித்தையும் தடை செய்யப்பட்டிருந்தது. 2008-இல் நியூ இங்கிலாந்து குவார்ட்டர்பேக் டாம் பிரேடியின் முழங்கால் சேதமுற்றதை அடுத்து, தரையில் விழுந்து கிடக்கும் தற்காப்பாளர் குவார்ட்டர்பேக்கின் காலை நோக்கிப் பாயலாகாது என்றார்கள்; 2018-இல், அவரை வீழ்த்தும்போது முழு உடற்பாரத்தையும் அவர் மேல் இறக்குவது குற்றம் என்பதைக் கண்டிப்புடன் அமல் செய்தார்கள். இத்தனை விலங்குகளையும் பூட்டிவிட்டு, தற்காப்பு முன்வரிசையைப் பார்த்து, இப்போது நீ உன் சாமர்த்தியத்தைக் காட்டு என்று சொல்லியிருக்கிறார்கள்.

அந்தச் சாமர்த்தியம் எங்கே இருக்கிறது என்பதை அறியச் சிறு கணக்கு ஒன்று போதும். களத்தில் இரு தரப்பிலும் பதினொருவர். தாக்கும் தரப்பில் நடுவே ஸென்டர் ஒருவர், அவருக்கு இருபுறமும் கார்டுகள் இருவர், அவர்களுக்கும் அப்பால் டாக்கிள்கள் இருவர், ஆக ஐவர் குவார்ட்டர்பேக்குக்குக் காவல். மீதி ஐவரும் பந்தைப் பிடிக்க உரிமை பெற்றவர்கள். தற்காப்புத் தரப்பு நால்வரைப் பாய அனுப்பினால், அந்த ஐவரைக் கவனிக்க ஏழு பேர் பின்னால் மிஞ்சுகிறார்கள். ஐந்தாவது ஆளையோ, அவரோடு ஆறாவது ஆளையுமோ சேர்த்து அனுப்புவதற்குப் பெயர் பிளிட்ஸ்; ஆறு பேர் பாய்ந்தால் பின்னால் ஐவருக்கு ஐவர்தான், ஒருவர் கால் சறுக்கினால் தாங்கிக்கொள்ள நாதியில்லை. கூரையில் ஒழுகுகிற இடத்தை அடைக்க இன்னோரிடத்து ஓட்டைப் பெயர்த்தெடுப்பதைப் போன்ற காரியம் அது. தேர்ந்த குவார்ட்டர்பேக்கின் கண் முதலில் தேடுவதே அந்தப் பெயர்த்த இடத்தைத்தான். ஆகவே தற்காப்புச் சாஸ்திரம் முழுவதும், நால்வர் ஐவரை வெல்ல இயலுமா, அதுவும் பந்து கையை விட்டுப் போவதற்குப் பெரும்பாலும் ஆகிற இரண்டரை வினாடிக்குள் இயலுமா என்ற ஒற்றைக் கேள்வியில் வந்து முடிகிறது. இயலும் என்பதற்கு மிகத் தெளிவான சாட்சியம் 2008-ஆம் வருஷம் பிப்ரவரி 3-ஆம் தேதி அரிஸோனா மாகாணத்து கிளென்டேலில் கிடைத்தது.

அன்று லீகின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுல் களத்தில் இறங்கிய நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அணி, அந்தப் பருவத்தில் ஆடிய பதினெட்டு ஆட்டங்களிலும் தோல்வி அறியாதது. லீக் ஆட்டங்கள் பதினாறில் 589 புள்ளிகள் குவித்திருந்தது; பிரேடி வீசிய டச்டவுன்கள் 50, அவற்றில் ராண்டி மாஸ் என்ற நெட்டை ரிஸீவர் பிடித்தவை மட்டும் 23. எதிரே நின்ற நியூயார்க் ஜயன்ட்ஸ், ஐந்து வாரங்களுக்கு முன்புதான் இதே அணியிடம் 38-35 என்று தோற்றிருந்தது. ஜயன்ட்ஸின் தற்காப்புப் பயிற்றுநர் ஸ்டீவ் ஸ்பக்நுவோலோ, பிளிட்ஸ் பிரயோகத்தில் கரைகண்ட ஃபிலடெல்ஃபியாவின் ஜிம் ஜான்ஸனிடம் பல வருஷங்கள் பாடம் கேட்டவர். குருவின் வழியில் கூட்டங்கூட்டமாக ஆட்களை அனுப்புவாரென்றே எவரும் எண்ணியிருப்பார்கள். அவரும் சில சமயம் அனுப்பத்தான் செய்தார். அன்று பிரேடி வீழ்த்தப்பட்ட ஐந்து தடவைகளில் ஒன்று, பின்வரிசையிலிருந்து பாய்ந்த கவிகா மிட்செலின் கைவரிசை. ஆயினும் அவர் நம்பிய அஸ்திரம் வேறு. மைக்கேல் ஸ்ட்ரஹான், ஓஸி உமென்யோரா ஆகிய இருவரையும் இரு ஓரங்களில் நிறுத்தி, உண்மையில் ஓரத்து ஆட்டக்காரரான ஜஸ்டின் டக் என்பவரை, எதிரி வீசத்தான் போகிறான் என்று நிச்சயமாகத் தெரிந்த வேளைகளில் உட்புறத்துக்குக் கொண்டுவந்து, கார்டுக்கு நேர் எதிரே நிறுத்தினார்.

கார்டு என்கிறவர் தம் வாழ்நாளெல்லாம் மலைபோன்ற ஆட்களோடு மார்பு முட்டிப் பழகினவர். அவருக்கு வேண்டியது பாரமும் பிடியும். டக் அந்தப் பிடிக்கு அகப்படவே இல்லை. பந்து நகர்ந்த க்ஷணத்தில் தோளைத் தாழ்த்தி, எதிராளியின் கையைத் தட்டிவிட்டு, இடைவெளியில் பக்கவாட்டாக நுழைந்துவிடுகிற வேகம், ஓரத்தில் நின்று டாக்கிள்களைச் சுற்றி ஓடிப் பழகினதால் வந்த வேகம். முதற்பாதி முடியச் சில வினாடிகளே இருந்தபோது, பேட்ரியட்ஸ் 7-3 என்று முன்னிலையில் இருந்துகொண்டு மேலும் ஒரு தாவலுக்கு எதிரியின் எல்லைக்குள் புகுந்த சமயம், டக் பிரேடியின் கையிலிருந்தே பந்தைத் தட்டிப் பறித்தார்; உமென்யோரா அதை அள்ளிக்கொண்டார். கடைசியில், ஜயன்ட்ஸ் 17-14 என்று முந்திக்கொண்டபின் கடிகாரத்தில் 35 வினாடிகள் மீதமிருந்தன. பிரேடிக்கு அது போதாத நேரமன்று. முதல் வீச்சு குறி தவறியது. இரண்டாவதில், ஜே ஆல்ஃபோர்ட் என்ற அவ்வருஷத்துப் புதுமுகம், நடுவரிசையைப் பிளந்துகொண்டு நேராக வந்து பிரேடியைப் பத்துக் கஜம் பின்னுக்குச் சாய்த்தார். மாஸை நோக்கிப் போன இரண்டு நெடுவீச்சுகளும் தரையில் விழ, ஆட்டம் முடிந்தது. ஜயன்ட்ஸின் டேவிட் டைரீ தலைக்கவசத்தோடு பந்தை அணைத்துப் பிடித்த அந்தப் பிடிப்பையே உலகம் நினைவில் வைத்திருக்கிறது. ஆட்ட நாயகன் விருதோ ஜயன்ட்ஸின் குவார்ட்டர்பேக் ஈலை மேனிங்குக்குப் போயிற்று. என்னைக் கேட்டால் டக்குக்குத்தான் கொடுத்திருப்பேன்.

குவார்ட்டர்பேக்கைப் பந்தோடு வீழ்த்துவதை ஸாக் என்கிறார்கள்; 1982 முதல்தான் அது அதிகாரபூர்வமான கணக்கில் ஏறியது. ஏறிய நாள் தொட்டு முன்வரிசை ஆட்டக்காரரின் தகுதியை அதைக் கொண்டே அளக்கிற பழக்கமும் வேரூன்றிவிட்டது. இதைவிட மயக்கம் தரும் அளவுகோல் வேறில்லை. அதே ஜயன்ட்ஸும் பேட்ரியட்ஸும் 2012 பிப்ரவரி 5 அன்று இண்டியானாபோலிஸில் மறுபடி மோதியபோது, பிரேடி தம் முதல் வீச்சுக்காகச் சொந்த எல்லைக் கோட்டுக்குப் பின்னால் நின்றிருந்தார். டக் தம்மேல் வந்து விழப்போவதைக் கண்டு, எவரும் இல்லாத இடத்தை நோக்கிப் பந்தை எறிந்து தப்பப் பார்த்தார். அது குற்றமாயிற்று, ஜயன்ட்ஸுக்கு இரண்டு புள்ளிகள் கிடைத்தன, ஆட்டமும் 21-17 என்று அவர்களுக்கே சாதகமாக முடிந்தது. அந்த முதல் பாய்ச்சலுக்கு ஸாக் கணக்கில் ஒரு கோடுகூட இல்லை. குவார்ட்டர்பேக்கின் பார்வையை அரை வினாடி முன்னதாகக் களத்திலிருந்து திருப்பி, தம் உயிரைப் பற்றிய கவலையில் ஆழ்த்துகிறவரே மெய்யான உபகாரி.

உட்புறத்துப் பாய்ச்சலுக்கு நான் இத்தனை கௌரவம் கொடுப்பதற்குக் காரணம் உண்டு. ஓரத்திலிருந்து வளைந்து வருகிறவரைக் குவார்ட்டர்பேக் முன்னே ஓரடி எடுத்து வைத்துத் தவிர்த்துவிடலாம். டாக்கிள்களும் அவரைப் பின்பக்கமாகத் தள்ளிக் கொண்டுபோய்விடும் கலையில் தேர்ந்தவர்கள். நேர் எதிரே நடுக்காவலே பின்வாங்கி அவர் மடியில் வந்து விழுமானால் எடுத்து வைக்க இடமேது? கண்ணுக்கு எதிரே பார்வை மறைகிறது, காலை ஊன்றி வீசவும் வகையில்லை. ஆரன் டொனால்ட் உள்ளே நின்றே 2018-இல் 20.5 ஸாக்குகள் எடுத்தார் என்பதைவிட, அவர் ஒருவரைத் தடுக்க ஒவ்வோர் அணியும் இருவரை ஒதுக்கியதால் மற்ற மூவருக்கும் தனித்தனி எதிரிகளே வாய்த்தார்கள் என்பது பெரிய லாபம்.

எதிர்த்தரப்புச் சூத்திரதாரிகள் இதை அறியாதவர்கள் அல்லர். பந்தை வாங்கின கையோடு ஒன்றரை வினாடியில் விசிறிவிடுவது, பாய்கிறவர்களை வேண்டுமென்றே உள்ளே விட்டு அவர்கள் தலைக்கு மேலே சிறு வீச்சாக எறிவது, ஓடப்போவதாகப் பாவனை காட்டி முன்வரிசையை ஒரு கணம் தயங்கவைத்துப் பின் வீசுவது என்று பல உபாயங்கள் செய்கிறார்கள். பந்து அவ்வளவு சீக்கிரம் போகுமிடத்தில் எப்பேர்ப்பட்ட வீரரும் சென்று சேர முடியாது. அங்கே ஓடுகிற காலை நிறுத்தி, கையை உயர்த்துவதுதான் புத்திசாலித்தனம். ஜே. ஜே. வாட் 2012-இல் 20.5 ஸாக்குகளோடு, பதினாறு வீச்சுகளையும் தட்டிக் கெடுத்தார். முன்வரிசை ஆசாமிக்கு இது அபூர்வமான எண்ணிக்கை. லாமார் ஜாக்ஸனைப் போலக் காலும் கற்ற குவார்ட்டர்பேக்குகளிடம், ஆவேசமாய்ச் சுற்றி ஓடினால் அவர் அந்த இடைவெளியிலேயே புறப்பட்டுப் போய்விடுவார் என்பதால், நால்வரும் தத்தம் தடத்தை விடாமல் மெல்ல நெருக்க வேண்டியிருக்கிறது.

இவற்றினும் நயமானது மாயப் பாய்ச்சல். கோட்டின்மேல் ஆறு பேர் வரிசையாக நின்று பயமுறுத்துவார்கள். ஐந்து காவலரும் எவர் எவரைத் தடுப்பது என்று அவசரமாகப் பங்கு போட்டுக்கொள்வார்கள். பந்து நகர்ந்ததும் ஆறில் இருவர் பின்வாங்கி, வீச்சு போகவேண்டிய வழியிலேயே போய் நின்றுகொள்ள, நால்வரே பாய்வார்கள். பிளிட்ஸ் தருகிற கலவரம் மட்டும் கிடைக்கிறது, விலை கொடுக்க வேண்டியதில்லை. பின்காவலின் ஒத்துழைப்பு இல்லாமல் இதெல்லாம் செல்லாது என்பதையும் சொல்லவேண்டும். முதல் நோக்கில் ஆள் அகப்படாமல் குவார்ட்டர்பேக் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு இன்னொரு முறை தேடினால்தான் பாய்கிறவருக்கு வேளை வாய்க்கிறது.

இதற்கு உதாரணம் ஒன்று: 2020 நவம்பரில் டாம்பா பே அணியைக் கான்ஸஸ் ஸிட்டி 27-24 என்று வென்றபோது, அதன் ரிஸீவர் டைரீக் ஹில் முதல் காற்பகுதியிலேயே வீச்சுகளைப் பிடித்து 203 கஜம் சேர்த்து, டாம்பா பேயின் தற்காப்புப் பயிற்றுநர் டாட் பவுல்ஸை நிலைகுலையச் செய்தார். மறு பிப்ரவரியில் சூப்பர் பவுலில் அதே அணிகள் சந்தித்தன. பவுல்ஸ் பிளிட்ஸைப் பெரும்பாலும் மூட்டைகட்டி வைத்துவிட்டு, ஆழத்தில் இருவரை நிரந்தரக் காவலாக நிறுத்தினார். கான்ஸஸ் ஸிட்டியின் குவார்ட்டர்பேக் பாட்ரிக் மஹோம்ஸ் ஒரு டச்டவுன்கூட வீசவில்லை. 31-9 என்று தோற்றார். அன்று அவர் நெருக்கப்பட்ட தடவைகள் 29, ஸாக்குகளோ மூன்றே. கான்ஸஸ் ஸிட்டியின் இரண்டு டாக்கிள்களும் காயத்தால் ஆடவில்லை என்பதையும் மறைக்கலாகாது. அது பவுல்ஸின் பெருமையைச் சிறிது குறைக்கவே செய்கிறது.

2025 பிப்ரவரி 9 அன்று நியூ ஆர்லியன்ஸில், அதே கான்ஸஸ் ஸிட்டி ஆடிய சூப்பர் பவுலில் நடந்ததற்கு அத்தகைய சமாதானம் அவ்வளவு எளிதில் சொல்ல முடியாது. ஃபிலடெல்ஃபியாவின் தற்காப்புப் பயிற்றுநர் விக் ஃபான்ஜியோ, ஆட்டம் முழுவதிலும் பிளிட்ஸ் என்பதை ஒரு தடவைகூடப் பிரயோகிக்கவில்லை. மஹோம்ஸ் ஆறு தடவை வீழ்ந்தார். இடைவேளையில் 24-0, முடிவில் 40-22. கான்ஸஸ் ஸிட்டி, இடது டாக்கிள் ஸ்தானத்துக்கு ஆள் சரிப்படாமல், ஜோ தூனி என்ற முதல்தரக் கார்டை அங்கே நகர்த்தியிருந்தது. ஓரத்தைக் காப்பாற்றப்போய் நடுவை மெலியவைத்துக்கொண்டார்கள். ஜேலன் கார்ட்டர் உள்ளே இருவரை இழுத்துப் பிடித்துக்கொள்ள, ஓரத்தில் ஜாஷ் ஸ்வெட்டுக்கு இரண்டரை ஸாக், உள்ளே மில்டன் வில்லியம்ஸுக்கு இரண்டு. கான்ஸஸ் ஸிட்டியின் தற்காப்புப் பயிற்றுநராக எல்லைக்கோட்டருகே நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவர் ஸ்பக்நுவோலோ. 2021-லும் அவரே அப்படி நின்றார். கிளென்டேலில் நால்வரைக் கொண்டு ஜயித்தவர், கான்ஸஸ் ஸிட்டியில் விதவிதமான பிளிட்ஸுகளுக்கே பேர்போனவராகிவிட்டார். கிறிஸ் ஜோன்ஸ் என்ற ஒரு அசுர பலசாலியைத் தவிர அத்தரத்து மூவர் அவருக்கு ஒருசேர வாய்க்காமற்போனதுதான் இதற்குக் காரணமென்று நான் நினைக்கிறேன்.

அணி முதலாளிகளுக்கு இந்தப் பாடம் எந்த அளவுக்கு உறைத்தது என்பதை அடுத்த மாதத்து ஆட்டக்காரர் சந்தை காட்டியது. ஸ்வெட் அந்தப் பருவத்து லீக் ஆட்டங்களில் எடுத்திருந்தவை எட்டு ஸாக்குகள், வில்லியம்ஸ் ஐந்தே. அதுவும் ஏறத்தாழ பாதி நேரமே களத்தில் இருந்து, சகாக்களோடு முறைவைத்து ஆடினவர். ஓரத்து வீரரான ஸ்வெட்டுக்கு அரிஸோனா நான்கு வருஷத்துக்கு 7 கோடியே 64 லட்சம் டாலர் எழுதிக் கொடுத்தது. உட்புறத்து வில்லியம்ஸுக்கு அதே நான்கு வருஷத்துக்குக் கிடைத்தது 10 கோடியே 40 லட்சம் டாலர். கொடுத்த அணி நியூ இங்கிலாந்து.