லைசென்ஸ் முடிந்த மறுநாள்

மெராக்கி எம்.ஆர்.36 என்ற வைஃபை ஏ.பி. (ஆக்சஸ் பாயின்ட்) பற்றி எழுதச் சொன்னால் வேகத்தில் தொடங்குவதுதான் வழக்கம். வைஃபை 6, ஒரு கிகாபிட் போர்ட், சாதாரண 802.3ஏஎஃப் பி.ஓ.இ. ஸ்விட்சிலேயே கரண்ட் எடுத்துக்கொள்ளும். இதெல்லாம் டேட்டா ஷீட்டிலேயே இருக்கிறது. அலுவலகத்துக்கென்று இன்று விற்கிற நல்ல ஏ.பி. எதுவும் இந்த விஷயத்தில் சோடை போவதில்லை. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் ஆபீசிலும் கட்டிங் செக்‌ஷனிலும் சில வாரங்களாக இவை ஓடிக்கொண்டிருக்கின்றன. வேகத்தைப் பற்றி இதுவரை ஒருவரும் வாய் திறக்கவில்லை. நெட்வொர்க் வேலை பார்க்கிறவனுக்கு அதற்கு மேல் பாராட்டு எதுவும் கிடைக்கப்போவதில்லை.

என்னை மயக்கிய விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். சரக்கு வந்து இறங்கும் முன்பே ஆர்டர் எண்ணை மெராக்கியின் இணைய டாஷ்போர்டில் போட்டால், வாங்கிய ஏ.பி. எல்லாம் அங்கே வந்து நிற்கின்றன. பெயர், எஸ்.எஸ்.ஐ.டி., பாஸ்வேர்டு, வி-லேன் என்று எல்லாவற்றையும் வீட்டில் உட்கார்ந்தே எழுதி வைத்துவிடலாம். பெட்டி வந்ததும் எலெக்ட்ரீஷியன் சீலிங்கில் மாட்டிக் கேபிளைச் செருகினால் வேலை முடிந்தது. அதன் ஒற்றை விளக்கு ஆரஞ்சில் ஆரம்பித்து, நிறம் நிறமாக ஒரு சுற்று சுற்றி, புது ஃபர்ம்வேர் இறங்கும்போது நீலத்தில் சிமிட்டி, பிறகு பச்சையில் நிற்கும். முதல் போன் இணைந்ததும் நீலமாகும். ஏணியில் நிற்கிறவரிடம் போனில் "என்ன கலர் எரியுது?" என்று கேட்டாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

அதைவிடப் பெரிய சந்தோஷம், 'கனெக்ட் ஆகலை' என்கிற புகாரை அது உடைத்துக் காட்டுகிற விதம். ஒரு போன் வைஃபையில் சேர்வதென்றால் நான்கு படி ஏற வேண்டும்: ஏ.பி.யோடு இணைவது, பாஸ்வேர்டு சரிபார்ப்பு, டி.எச்.சி.பி.யிடம் ஐ.பி. முகவரி வாங்குவது, டி.என்.எஸ். பதில் வருவது. எந்தப் படியில், எந்தக் கருவி, எத்தனை மணிக்குச் சறுக்கியது என்று டாஷ்போர்டு தனித்தனியாகச் சொல்கிறது. கட்டிங் செக்‌ஷன் டேப்லெட்களில் சில, இரண்டாவது ஷிஃப்ட் தொடங்கும்போது இணைய மறுத்தன. பழைய காலமாக இருந்தால் ஏ.பி.யை ரீஸ்டார்ட் செய், சேனலை மாற்று, இன்னொன்று வாங்கி மாட்டு என்று போயிருக்கும். இங்கே பார்த்தால் முதல் இரண்டு படியும் பச்சை, மூன்றாவதில் சிவப்பு. முகவரி கேட்டால் பதிலே இல்லை. பழைய ரவுட்டர் கையில் வைத்திருந்தது 250 முகவரி, ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் லீஸ். காலை ஷிஃப்ட் ஆட்கள் வீட்டுக்குப் போன பிறகும் அவர்கள் போன்களின் பெயரில் முகவரிகள் துண்டு போட்டு உட்கார்ந்திருந்தன. லீஸை நான்கு மணி நேரமாகக் குறைத்ததும் தகராறு தீர்ந்தது. வைஃபை மேல் விழவிருந்த பழியை வைஃபையே ஆதாரத்தோடு திருப்பிவிட்டது.

இவ்வளவு நல்ல பொருள் மேல் எனக்கு ஏன் இன்னும் நம்பிக்கை வரவில்லை? கம்பெனி முதலாளி கொட்டேஷனைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏனுங்க, ஏ.பி.க்கு ஒரு ரேட்டு போட்டிருக்கீங்க, அதுக்குக் கீழயே லைசென்ஸுன்னு இன்னொண்ணு போட்டிருக்கீங்க. அந்தத் தேதி முடிஞ்சா என்னங்க ஆகும்?"

"நின்னுருங்க."

"சாஃப்ட்வேருங்களா?"

"வைஃபையேங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டார். வீட்டைக் கிரயம் பண்ணிவிட்டு வாசற்படிக்கு மட்டும் வாடகை கட்டுகிற கதைதான் இது. மெராக்கியின் பழைய, பரவலான லைசென்ஸ் முறையில் தேதி முடிந்ததும் 30 நாள் அவகாசம் உண்டு. அதற்குள் புதுப்பிக்காவிட்டால் அந்தக் கணக்கிலுள்ள ஏ.பி.க்கள் வைஃபை கொடுப்பதை நிறுத்திவிடும். ஸ்விட்ச், ஃபயர்வால் என்று அதே கணக்கில் இருக்கிற மற்ற மெராக்கி சாமான்களும் கூடவே படுத்துவிடும். இதில் ஒளிவுமறைவு ஏதுமில்லை. எல்லாம் நிறுவனமே எழுதி வைத்திருக்கிற விதிதான். நம் ஊரில் கொட்டேஷன் கொடுக்கிறவர்கள்தான் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை.

கணக்கு இன்னும் சுவாரசியமானது. கோ-டெர்மினேஷன் என்ற அந்த முறையில் எல்லா ஏ.பி.க்கும் சேர்த்து ஒரே ஒரு முடிவுத் தேதிதான். பத்து ஏ.பி., இன்னும் இரண்டரை வருடம் பாக்கி என்று வைத்துக்கொள்ளுங்கள். மாடியில் புது ஹால் கட்டி, ஐந்து ஏ.பி.யை ஒரு வருட லைசென்ஸோடு சேர்க்கிறீர்கள். பழையதில் மிச்சம் 25, புதியதில் 5, மொத்தம் 30. அதைப் பதினைந்து ஏ.பி.க்குப் பகிர்ந்தால் தலைக்கு இரண்டு வருடம். ஆக, பழைய பத்துக்கும் ஆறு மாதம் முன்னதாகவே தேதி வந்துவிடும். பணம் எங்கும் தொலையவில்லை, சராசரி அப்படித்தான் வரும். ஆனால் மூன்று வருடத்துக்குக் கட்டிவிட்டோம் என்று டைரியில் எழுதி வைத்திருக்கிற அக்கவுண்டன்ட்டுக்கு இதை யார் போய்ச் சொல்வது? சாதனத்துக்குச் சாதனம் தனித் தேதி வைக்கும் முறையும், பின்னால் வந்த சந்தா முறையும் உண்டு. நமக்கு எது பொருந்தும் என்பதை வாங்கும்போதே டீலரிடம் எழுத்தில் வாங்கிவிட வேண்டும்.

லைசென்ஸ் முடியப்போகிறது என்கிற மெயில் யாருக்குப் போகும்? டாஷ்போர்டில் அட்மினாக இருப்பவருக்கு. நம் பக்கத்துச் சிறு கம்பெனிகளில் அந்த அட்மின் பெரும்பாலும் மாட்டிக்கொடுத்த டீலரின் ஆள்தான். அவர் வேலை மாறிப் போயிருப்பார், அல்லது டீலரே கடையை மூடியிருப்பார். மெயில் யாரும் திறக்காத பெட்டியில் விழும். அதனால் கணக்கைக் கம்பெனியின் சொந்த மெயில் முகவரியில்தான் தொடங்க வேண்டும், முழு அதிகாரமுள்ள அட்மின் இரண்டு பேராவது இருக்க வேண்டும் என்பதில் நான் யாரிடமும் விட்டுக்கொடுப்பதில்லை. கணக்கு யார் பெயரிலோ அவர்தான் சொந்தக்காரர். ரிச்சி தெருவில் மலிவாகப் பழைய மெராக்கி ஏ.பி. கண்ணில் பட்டால் இதே காரணத்துக்காக நடையைக் கட்டுங்கள். பழைய முதலாளி தன் கணக்கிலிருந்து அதை விடுவிக்காதவரை உங்கள் கணக்கில் அது சேராது.

இன்னொரு எரிச்சலையும் கொட்டிவிடுகிறேன். ஃபர்ம்வேர் மேம்படுத்தலை மெராக்கி தானாகவே நாள் குறித்து, மெயிலில் சொல்லிவிட்டுச் செய்யும். அதிகாலை இரண்டு மணி என்று போட்டிருந்தால் யாருக்கும் தொந்தரவில்லை. ஆனால் நெட்வொர்க்கின் நேர மண்டலம் லாஸ் ஏஞ்சலஸ் என்று இருக்கிறதா, கொல்கத்தா என்று இருக்கிறதா என்பதை முதல் நாளே பாருங்கள். அங்கே கோடைக்கால இரவு இரண்டு மணி என்றால் இங்கே மதியம் இரண்டரை. பையர் வந்து மீட்டிங் அறையில் உட்கார்ந்திருக்கும் நேரம்.

இன்டர்நெட் போனால் என்ன ஆகும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். இதில் பயம் அளவுக்கு மீறியது. உங்கள் ஃபைல் எதுவும் மெராக்கியின் மேகம் (கிளவுட்) வழியாகப் போவதில்லை. அங்கே போவது மேலாண்மைத் தகவல் மட்டும்தான். லைன் அறுந்தாலும் ஏ.பி. கடைசியாகப் பெற்ற அமைப்பிலேயே ஓடும். டேலி சர்வர், பிரின்டர் எல்லாம் வழக்கம் போல் கிடைக்கும். ஆனால் விருந்தினருக்கான லாகின் பக்கம் மேகத்தில் இருந்தால் அது திறக்காது. அந்த நேரத்தில் பாஸ்வேர்டை மாற்றலாம் என்றால் அதுவும் நடக்காது. உள்ளூர்ப் பக்கம் ஒன்று இருக்கிறது, ஐ.பி. முகவரி போல ஒன்றிரண்டைத் தவிர அதில் கை வைக்க இடமில்லை. சொந்தக் கட்டிடத்தில் மாட்டிய பெட்டிக்கு சான் பிரான்சிஸ்கோ கம்பெனியிடம் அனுமதி கேட்கிற இந்த ஏற்பாடு எனக்கு இன்னும் பழகவில்லை. 2012-ல் சிஸ்கோ 120 கோடி டாலர் கொடுத்து மெராக்கியை வாங்கியபோதே இந்த ஏற்பாடு இருந்தது. அவர்கள் வாங்கியதும் முக்கியமாக இதைத்தான்.

மற்றவர்களிடம் போகலாமா? இன்ஸ்டன்ட் ஆனை ஹெச்.பி.இ. 2019-ல் கொண்டுவந்தது. லைசென்ஸ் கட்டணம் இல்லை, போன் ஆப்பிலேயே எல்லாம் ஆகும். இருபது பேர் இருக்கிற ஆபீசுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். ஆனால் மெராக்கியின் நான்கு படிக் கணக்கை இதில் எதிர்பார்க்காதீர்கள். டி.பி.-லிங்கின் ஓமாடாவும் யுபிக்விட்டியின் யூனிஃபையும் வேறு ரகம். கன்ட்ரோலர் மென்பொருள் இலவசம். உங்கள் கம்ப்யூட்டரிலோ, ஓ.சி.200 மாதிரி ஒரு சின்னப் பெட்டியிலோ அது ஓடும், வெளியூரிலிருந்தும் பார்க்கலாம். கன்ட்ரோலரை அணைத்தாலும் வைஃபை நிற்காது. பதிலுக்கு பேக்கப், அப்டேட், அந்தப் பெட்டிக்கான யு.பி.எஸ். எல்லாம் உங்கள் தலையில். மேகம் என்று வந்துவிட்டால் யாரும் விதிவிலக்கு இல்லை என்பதும் உண்மை. 2023 டிசம்பரில் யூனிஃபை பயனர்கள் சிலருக்கு அடுத்தவர் கேமராவின் அறிவிப்புகள் வந்தன. தங்கள் மேக அமைப்பை மேம்படுத்தும்போது நேர்ந்த கோளாறு என்று நிறுவனமே ஒப்புக்கொண்டது. 2017 ஆகஸ்டில் மெராக்கியும் வாடிக்கையாளர்கள் ஏற்றி வைத்திருந்த தளவரைபடங்கள், லோகோக்கள் போன்றவற்றைத் தொலைத்தது. வைஃபை அப்போது நிற்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கடைசியில் திருப்பூரில் நடந்தது இதுதான். ஆபீசுக்கும் கட்டிங் செக்‌ஷனுக்கும் மெராக்கி, ஐந்து வருட லைசென்ஸோடு. அங்கே ஒரு மணி நேரம் வேலை நின்றால் ஆகும் நஷ்டத்தோடு ஒப்பிட்டால் அந்தப் பணம் கட்டுபடியாகும் என்று முதலாளியே கணக்குப் போட்டார். அட்டைப்பெட்டி அடுக்குகிற குடோனுக்கு ஓமாடா. அங்கே பார்கோடு ஸ்கேனர்கள் மட்டும்தான், நான்கு படி அலசல் யாருக்கும் தேவையில்லை. சிஸ்கோவிடம் எனக்கு ஒரே ஒரு கோரிக்கை உண்டு: தேதி முடிந்தால் டாஷ்போர்டைப் பூட்டிக்கொள்ளுங்கள், சப்போர்ட்டை நிறுத்துங்கள், அப்டேட்டும் தர வேண்டாம்; ஏ.பி.யை மட்டும் கடைசி அமைப்பிலேயே ஓட விடுங்கள். அது வரும்வரை சின்ன ஆபீஸ்களுக்கு எழுதும் கொட்டேஷனில் நான் மெராக்கியைச் சேர்ப்பதாக இல்லை. பெரியவர்களுக்குச் சேர்த்தால், ஐந்தாம் வருட ரினியூவல் தொகையையும் பக்கத்துக் கட்டத்திலேயே போட்டுவிடுகிறேன்.