30°-யோடு நிற்காத விடை

சைன் தீட்டா சமம் அரை. கால்குலேட்டரில் தட்டினால் 30° என்று சொல்லிவிட்டு ஓய்ந்துவிடும். எனக்குப் பிடித்த வேலை அதற்குப் பிறகுதான். ஓரலகு வட்டம் வரைந்து, மையத்துக்கு மேலே அரை அலகு உயரத்தில் ஒரு கிடைக்கோடு இழுத்தால், வட்டத்தை அது இரண்டு இடங்களில் வெட்டும்: வலப்பக்கம் 30°, இடப்பக்கம் 150°. கருவி சொல்லாமல் விட்டதைக் கோடு காட்டிக்கொடுத்துவிடுகிறது. இன்னொரு சுற்றுப் போனால் 390°, 510°. அதற்கு முடிவே இல்லை. அதனால்தான் வினாத்தாள் 0°, 360° என்று வேலி போடுகிறது.

தீட்டாவின் இடத்தில் 2தீட்டா வந்தால் இன்னும் ருசி. அந்தக் கோணம் இருமுறை சுற்றிவிடுகிறதே! 15°, 75°, 195°, 255° என நான்கு விடைகள். வேலியையும் 720° வரை தள்ளிப்போட மறந்தவருக்குப் பாதிதான் கிடைக்கும்.

2 சைன்² தீட்டா = சைன் தீட்டா என்பது வேறு ரகம். இருபுறமும் இருக்கும் சைனை அடித்துவிடக் கை பரபரக்கும். அடித்தால் 30°, 150° மட்டுமே மிஞ்சும்; சைன் பூச்சியமாகும் 0°, 180° எல்லாம் சத்தமில்லாமல் போய்விடும். பொதுக்காரணியை வெளியே எடுத்தால் எதுவும் தொலையாது. இந்தக் கணக்கைத் தேர்வில் கேட்பவருக்குக் கொஞ்சம் குறும்பு உண்டு என்றே நினைக்கிறேன்.