கைக்கிளையும் ஒரு போர்ச்சுக்கீசியப் பாட்டும்

ஐரோப்பிய நாடுகள் தொலைக்காட்சி வாயிலாக நடத்தும் யூரோவிசன் பாட்டுப் போட்டி 1956-இல் தொடங்கியது. 1964 முதல் அதிற் பங்குகொண்ட போர்ச்சுக்கல் நாடு 2017-இல், கீவ் நகரில், 758 புள்ளிகள் பெற்று முதன்முறையாக வென்றது. லூயிசா சோப்ரால் இயற்றி இசையமைத்த அப்பாட்டை அவர்தம் தம்பி சல்வதோர் பாடினார். 'இருவர்க்குமாகக் காதலித்தல்' என்பது அதன் தலைப்பின் பொருள்.

எம்மொழியிலும் பாடலாம் என 1999-இல் விதி தளர்ந்தபின் பல நாடுகள் ஆங்கிலத்தை நாடின. போர்ச்சுக்கல் அவ்வாண்டு தன் மொழியிலேயே பாடிற்று. பொருள் அறியாதோரும் உருகினர். ஆகவே இசைக்கு மொழி வேண்டா என்பதற்கு இதுவே சான்று என்பார் உளர். இவ்வுரை நமக்குப் புதிதன்று. கானாடுகாத்தான் தந்த அண்ணாமலை அரசர் 1943-இல் தமிழிசைச் சங்கம் நிறுவிய காலத்தும் எதிர்ப்பாளர் இதனையே கூறினர். இக்கூற்றைப் பாட்டைக்கொண்டே ஆராய்வோம்.

தலைப்பை நோக்கின் இது கைக்கிளை எனத் தோன்றும். எதிர்மொழி பெறாத தலைவன் தானே சொல்லி இன்புறுதலைத் தொல்காப்பியர் கைக்கிளைக்கு உரியதாக்கினார். நக்கண்ணையார் பாடிய புறநானூற்றுப் பாடல்களோ பெண்ணின் ஒருதலைக் காமம் நுவல்வன. இத்திணையைப் புறந்தள்ளாது 'தமிழ்க் காதல்' நூலில் விரித்தாராய்ந்தவர், காரைக்குடி அழகப்பர் கல்லூரியிற் பணியாற்றிய வ. சுப. மாணிக்கனார். எனவே, ஒருத்தியின் நெஞ்சம் இசையாவிடினும் தன் நெஞ்சமே இருவர்க்கும் போதும் என்னும் பாட்டைக் கைக்கிளை எனல் எளிது.

ஆயினும் அது பொருந்தாது. தன்னை மீண்டும் விரும்புமாறு இப்பாட்டில் தலைவன் இரக்கின்றான். 'மீண்டும்' என்பதனால் முன்னர் ஒத்த காதல் இருந்தமை பெறப்படும். கூறுவோன் தலைவன் என்பதும் சொல்லாலேயே விளங்கும். தன் சோர்வை உரைக்கும் பெயரடை ஆண்பால் ஈறு பெற்றுள்ளது. தனியே ஒருவர் காதலித்தல் இயலாது என்றும் அவனே ஒப்புகின்றான். கைக்கிளைத் தலைவன் இதனை அறியான். அறிந்தால் அவன் சொல்லி இன்புறுதல் யாங்ஙனம்?

ஒத்த காதல் பின்னர் ஒருதலையாதற்கு நம் ஐந்திணையில் இடம் உண்டோ? பிரிவு உண்டு, ஊடல் உண்டு, பரத்தையிற் பிரிவும் உண்டு. தலைவியின் காதல் அற்றொழிதல் மட்டும் இல்லை. ஆகலின் இப்பாட்டிற்கு நம்மிடம் துறைப்பெயர் இல்லை என்பதே என் துணிபு. பெருந்திணையுள் அடக்குவாரும் இருக்கலாம். மிக்க காமத்தின் மிடல் இதன்கண் இன்மையின் அதனை யான் உடன்படேன்.

கீவ் அரங்கில் மொழியறியாதார் பெற்றது அழுகை என்னும் மெய்ப்பாடு. அதனை இசை தந்தது, குறை கூறுவதற்கில்லை. ஆனால் அது பெறாதவன் அழுகையா, பெற்று இழந்தவன் அழுகையா என்பதை இசை காட்டாது. ஒரு சொல்லே காட்டும். தமிழரங்கிற் பொருள் விளங்கப் பாடவேண்டும் என்றோர் கேட்டதும் இதுவே.

வெற்றிக்குப் பின் அதே மேடையில் தமக்கையும் தம்பியும் சேர்ந்து அப்பாட்டைப் பாடினர். அவையோர் பெரிதும் மகிழ்ந்தனர். எனினும் எதிர்க்குரல் இன்மையே அப்பாட்டின் உயிர். மற்றொரு குரல் உடன் எழுந்ததும் தலைவன் தனிமை கெட்டது. முதலிற் சல்வதோர் தனித்துப் பாடியதே பாட்டின் பொருளோடு இயைந்தது.