சுமாராகப் படிக்கும் உரிமை

ஒடுக்கப்பட்ட சமூகங்களிலிருந்து கல்லூரிக்கு வருகிற பிள்ளைகளைப் பற்றி நம்மிடம் இரண்டு கதைகள்தாம் இருக்கின்றன. ஒன்று, 'கூலித் தொழிலாளி மகள் டாக்டர் ஆனார்' வகைச் சாதனைக் கதை. மற்றது இரங்கல். நாலு அரியரோடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற பையனைப் பற்றி நம்மிடம் எந்தச் சொல்லாடலும் கிடையாது. ஆசிரியனாக நான் அதிகம் பார்ப்பது அவனைத்தான்.

2024இல் தன்பாத் ஐஐடி விவகாரம் நினைவிருக்கும். 17,500 ரூபாயைக் குறித்த நேரத்துக்குள் கட்ட முடியாமல் ஒரு தலித் மாணவரின் இடம் பறிபோயிற்று. செப்டம்பர் 30 அன்று உச்ச நீதிமன்றம் 142ஆம் பிரிவைப் பயன்படுத்தி இடத்தை மீட்டுக் கொடுத்தது. நல்லதுதான். ஆனால் இப்படியொரு திறமைசாலியை இழக்கலாகாது என்பதே நீதிமன்றத்தின் தொனி. பணம் கட்டத் தவறியவன் சுமாரான மாணவனாக இருந்திருந்தால்? 2017இல் அனிதாவுக்காக வீதிக்கு வந்தபோது நாமும் 1176 மதிப்பெண் என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னோம். அன்றைய அரசியலுக்கு அது தேவைப்பட்டது, மறுக்கவில்லை. இருந்தாலும் 'தகுதி' என்கிற எதிரியின் அளவுகோலைத்தானே நாமும் கையில் எடுத்தோம்? உயர்சாதி வீட்டுப் பையன் சுமாராகப் படிக்கலாம், சுமாரான வேலைக்குப் போகலாம், யாரும் ஏனென்று கேட்பதில்லை. இவன் மட்டும் மேதையாக இருந்தாக வேண்டும். அப்போதுதான் இவனுக்கு உதவலாமா என்கிற பேச்சே எழும்.

உதவிகள் இல்லாமல் இல்லை. 2010இல் 'முதல் பட்டதாரி' கட்டணச் சலுகை வந்தது. அக்கா பட்டம் வாங்கிவிட்டால் தம்பிக்குக் கிடையாது. வீட்டில் என்னவோ அதே கூரை, அதே கடன். அரசுப் பள்ளியில் படித்துவிட்டு வருபவர்களுக்கு மாதம் 1000 ரூபாய் என்று 2022இல் புதுமைப்பெண், 2024இல் தமிழ்ப் புதல்வன் திட்டங்கள் தொடங்கப்பட்டன. 'இலவசம்' என்று முகம் சுளிக்கிறவர்கள் ஒருநாளாவது மெஸ் பாக்கிக்கு நண்பனிடம் கைநீட்டிப் பார்க்கட்டும்.

ஆனால் இந்தப் பணம் வகுப்பறைக் கதவோடு நின்றுவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை கேட்டரிங் வேலைக்குப் போய்ப் பந்தி பரிமாறிவிட்டுத் திங்கள் காலை தூங்கி வழிகிறான். படித்தது தமிழ் வழி, இங்கே பாடம் ஆங்கிலத்தில். 'புரியுதாடா?'ன்னு கேட்டால் 'புரியுது சார்' என்பான். புரியவில்லை என்று எழுந்து சொல்வதற்கும் ஒரு தெம்பு வேண்டும். அது சில வீடுகளில் பரம்பரைச் சொத்தாக வருகிறது. நிர்வாகம் இவனுக்கு 'ரெமீடியல் கிளாஸ்' வைக்கும். ரெமடி என்றால் மருந்து. ஆக, நோயாளி யார் என்பது முன்பே முடிவாகிவிட்டது.

2007இல் டெல்லி எய்ம்ஸ் பற்றி அறிக்கை தந்த சுகதேவ் தோரட் குழு இந்தப் பார்வையைத் திருப்பிப் போட்டது. மாணவர்களிடம் குறை தேடாமல் நிறுவனத்தை விசாரித்தது. தலித், பழங்குடி மாணவர்கள் விடுதியில் குறிப்பிட்ட தளங்களுக்கு ஒதுங்க நேர்ந்ததையும் ஆசிரியர்களின் பாரபட்சத்தையும் பதிவு செய்தது. ஒவ்வொரு கல்லூரியிலும் கேட்க வேண்டிய கேள்விகள் இவை. எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்ற கணக்கைக் கேட்கிற நம் இயக்கங்கள், எந்தத் தாளில் யார் தோற்றார்கள், யார் பாதியில் நின்றார்கள் என்ற கணக்கைக் கேட்பது அபூர்வம்.

அரியர் பட்டியலை நோட்டீஸ் போர்டில் ஒட்டும்போது அந்தப் பாடத்தை நடத்தியவர் பெயரையும் சேர்த்து ஒட்டலாமே என்று துறைக் கூட்டமொன்றில் சொல்லிப் பார்த்தேன். சிரித்துவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள்.