'சீதே மௌத்' குழுவின் மோனை
பல்வகை இசையைக் கலக்கும் ஒரு குழுவின் தனித்தன்மை கருவியிசையில் மட்டுமன்றி மொழியொலியிலும் அமையும் என்பதற்குத் தில்லியின் 'சீதே மௌத்' (நேரே சாவு) என்னும் இருவர் ராப் குழு சான்றாகும். அப்பெயரிலேயே 'சீதே' இந்தோ-ஆரியச் சொல். 'மௌத்' அரபு வழி வந்தது. செஸ் ஆன் தி பீட் இசையமைத்த 'பயான்' (2018) தொகுப்பில் இக்கலப்பு தில்லிப் பேச்சுவழக்கின் இயல்பாகவே நின்றது. 'ந' (2021) என்னும் ஓரெழுத்துத் தலைப்புடைய தொகுப்பில் அதுவே ஒலிநெறியாயிற்று. 'நமஸ்துதே' வடமொழித் தொடர். 'நன்சாக்கு' சப்பானியப் படைக்கருவிப் பெயரின் திரிபு. வேற்றுமொழிச் சொற்களை மோனை பிணைக்கிறது. விரைவு மிகும் அடிகளில் ஈற்றசைகள் மங்கிப் பொருள் நழுவுதல் குறையே. எனினும், மீண்டும் செஸ்ஸுடன் இணைந்து உருவாக்கிய 'நாயாப்' (2022) தொகுப்பின் பெயரும் பாரசீக எதிர்மறை முன்னொட்டாகிய 'நா'வில் தொடங்கி அம்மோனையைத் தொடர்கிறது. இசை மாறினும் குழுவை இனங்காட்டுவது இவ்வொலியே எனலாம்.